பதினேழு புள்ளி, ஒரு சாவி

வளவுப்புள்ளி (திருச்சி)
நவம்பர் 9, இரவு 9.40

பூர்வீக வீட்டைப் பற்றி ஒரு முடிவும் எடுக்க முடியாமல் நிற்கிறேன். இங்கே செட்டிநாட்டுக்காரர்கள் பலர் இருப்பதால் கேட்கிறேன்.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். ஊர்ப் பெயர் வேண்டாம், எழுதினால் பங்காளிகள் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பாட்டையா ரங்கூன் முகல் தெருவில் கடை வைத்திருந்த காலத்தில் கட்டத் தொடங்கிய வீடு. முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய தூண் கூடம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் பாட்டையாவின் மூத்த மகன் காட்டு வழியாக நடந்து ஊர் வந்து சேர்ந்தார். அதோடு அங்கிருந்து பணம் வருவது நின்றது. மாடியில் மேற்குச் சுவருக்கு இன்றுவரை பூச்சு கிடையாது.

இப்போது நாங்கள் பதினேழு புள்ளி, அதாவது பதினேழு குடும்பம். ஊரில் ஒருவரும் இல்லை. சென்ற வார மழையில் இரண்டாம் கட்டின் கூரை ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டது. செய்தி எப்படியோ பரவி, பழைய சாமான் வாங்கும் தரகர் ஒருவர் நேரே போய் வளவுத் தூண்களை எண்ணிப் பார்த்திருக்கிறார். தூண்களுக்கும் நிலைக்கதவுக்கும் ஒரு விலை, மனைக்கு ஒரு விலை என்று பேசுகிறார். சென்னைப் பங்காளி ஒருவர் விற்கலாம் என்கிறார். சிங்கப்பூரில் இருப்பவர் ஹோட்டலுக்குக் குத்தகை விடலாம் என்கிறார். எனக்கு இரண்டுக்கும் மனம் வரவில்லை. முன்னோருக்குப் படைப்பு போட ஒரு வீடு வேண்டாமா? உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?

பழையகணக்கு (சென்னை)
நவம்பர் 9, இரவு 10.15

விற்றுவிடுங்கள். நான் சொல்வது கசக்கும். எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்ற ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டு நான்தான் எல்லோருக்கும் கடிதம் எழுதினேன். இருபத்திரண்டு பேரில் ஆறு பேர் அனுப்பினார்கள். மற்றவர்கள் வீட்டின் பழைய படங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மறுமழையில் கூரை போனது, அனுப்பிய ஆறு பேரும் என்மீது கோபித்துக்கொண்டார்கள். படைப்புக்கு வீடுதான் வேண்டும் என்றால் பங்காளிகள் சேர்ந்து சின்னதாக ஒரு படைப்பு வீடு கட்டிக்கொள்ளலாம். அதற்கு எண்பது தூண் எதற்கு?

மூன்றாம்கட்டு (கோயம்புத்தூர்)
நவம்பர் 10, காலை 6.20

பதினேழு புள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் பிறந்த பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணினீர்களா?

நகரத்தாரான நம்மில் திருமணமான ஆண் ஒரு புள்ளி, மனைவி அதற்குள் அடக்கம். மகள் திருமணமானதும் வேறொரு வீட்டுப் புள்ளிக்குள் போய்விடுகிறாள். குலக்கோயில் வரிக் கணக்குக்கு அது சரியாக இருக்கலாம். சொத்துக் கணக்கு வேறு. 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005இல் மத்திய அரசின் திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் உரிமை கொடுத்தன. நீங்கள் பதினேழு கையெழுத்து வாங்கி விற்கப் போனால், வாங்குகிறவருடைய வக்கீல் முதலில் கேட்பது உங்கள் அக்கா தங்கைகளைத்தான்.

இன்னொன்று. மாடி அறைகளில் இருக்கும் சாமான் யாருடையது? என் ஆத்தாவுக்குச் சீராக வைத்த பித்தளை அண்டாக்களும், மங்குச் சாமானும் (எனாமல் பாத்திரங்கள்), பர்மாப் பெட்டியும், ஊறுகாய் ஜாடிகளும் கல்யாணத்தன்று வளவு முழுக்கப் பரப்பி வைக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் அவர்களுடைய பெயரெழுத்து வெட்டியிருக்கும். அவர்கள் இருக்கும்போதே ஒருவர் வந்து எடைக்குப் போட்டுப் பணத்தைப் பங்கிட்டார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நடந்தபோது அந்த எழுத்துள்ள தூக்கு ஒன்று கண்ணில் பட்டது. விலை கேட்டு வாங்கி வந்தேன். ஆத்தாவிடம் காட்டவில்லை.

சுண்ணாம்புக்கை (புதுக்கோட்டை)
நவம்பர் 10, காலை 8.05

நான் பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அப்பா கொத்தனார், அவருடைய அப்பாவும் கொத்தனார். விற்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது?

செட்டிநாட்டு வீடு மழைக்காகக் கட்டிய வீடு. வளவின் நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரியும். விழுகிற தண்ணீரை அண்டாக்களில் பிடித்து வைத்தது போக, மிச்சம் முற்றத்து மூலைத் தூம்பு வழியாக வெளியே போய், தெரு வாய்க்காலில் ஓடி ஊருணியில் சேரும். மழை குறைந்த சீமையில் ஒரு சொட்டையும் விட மனமில்லாதவர்கள் போட்ட கணக்கு அது. ஊருணியில் செருப்புக் காலோடு இறங்கக் கூடாது என்று என் சின்ன வயதில்கூட விரட்டுவார்கள்.

வீடு பூட்டிக் கிடந்தால் முதலில் அடைவது அந்தத் தூம்பு. அரச இலை, புறாக் கூடு, செத்த அணில். தண்ணீர் முற்றத்திலேயே நின்று சுவருக்குள் ஏறும். அதே நேரம் மேலே ஓட்டுக்கிடையில் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கும். கூரை விழுந்த பிறகுதான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

தூணைக் கழற்றி விற்பது பற்றி: தூண் அலங்காரத்துக்கு நிற்கவில்லை. அதன்மேல் உத்திரம், உத்திரத்தின்மேல் கூரை. இரண்டு தூணைக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால், மீதியை அடுத்த ஆண்டு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று பொருள்.

ஊருணிக்கரை (தேவகோட்டை)
நவம்பர் 10, மாலை 7.30

எல்லாவற்றையும் படித்தேன். இழையைத் தொடங்கிய அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். கூரை உட்கார்ந்துவிட்டது என்று திருச்சியில் இருக்கும் உங்களுக்குச் சொன்னது யார்? தரகர் தூணை எண்ணினார் என்று சொன்னது யார்? 'செய்தி எப்படியோ பரவி' என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படியோ எந்தச் செய்தியும் பரவாது. சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்லியிருப்பார்.

என் அம்மா இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் முகப்பைக் கழுவிக் கோலம் போடுவார். ஆத்தங்குடித் தரைக்கல் துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். துடைத்தது யார் என்று எழுதுவதில்லை. அந்தக் கல்லைக் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, கலர்ச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, மறுநாள் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறவர்களும் எங்களைப்போல் ஊரிலேயே இருப்பவர்கள்தான்.

அம்மாவுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அனுப்பிக்கொண்டிருந்த பெரியவர் இறந்துபோனார். பிறகு யார் அனுப்புவது என்று வீட்டுக்காரர்களுக்குள் பேச்சு முடியவில்லை. எட்டு மாதம் ஒன்றும் வரவில்லை. அம்மா கோலம் போடுவதை நிறுத்தவில்லை. நான் சண்டை போட்டேன். 'வாசல் வெறுமையாகக் கிடந்தால் திருடன் வருவான்' என்றார்.

படைப்புக்கு வருகிறார்கள், இரண்டு நாள் சமையல்காரரோடு தங்குகிறார்கள், ஊர் அமைதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அமைதி என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துபோன எங்களைக் கேட்க வேண்டும்.

வளவுப்புள்ளி (திருச்சி)
நவம்பர் 10, இரவு 11.10

ஊருணிக்கரை தங்கைக்கு: சொன்னது எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள்தான். சாவி அவரிடம்தான் இருக்கிறது. பெயரைக்கூட எழுதத் தோன்றவில்லை என்பதை உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன். அவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று உடனே மூன்று பேருக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டேன். ஒருவர் மற்றவரைச் சொன்னார். விசாரித்துவிட்டு வருகிறேன்.

மூன்றாம்கட்டு ஆச்சிக்கு: பெண்கள் பதினொரு பேர். இப்போதுதான் விரல்விட்டு எண்ணினேன்.

பினாங்குப்பேத்தி (பினாங்கு)
நவம்பர் 11, காலை 7.00

என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் ஐயா பினாங்கில் கிட்டங்கியில் (செட்டியார்களின் கடைகள் இருந்த கட்டிடம்) பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்தார், பிறகு முதலாளின் உதவியாளரான அடுத்தாள் ஆனார், ஊருக்குத் திரும்பவே இல்லை. ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய வீட்டைத் தேடி வந்தேன். தெருவைக் கண்டுபிடித்தோம். மனை மட்டும் இருந்தது. வாசற்படி மூன்றும் அப்படியே இருந்தன. படிக்கட்டை யாரும் வாங்கவில்லை போலிருக்கிறது. அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டேன். எதிர் வீட்டுப் பாட்டி ஒருவர் வந்து, எந்த வீட்டுப் பிள்ளை, எந்தக் கோயில் என்று கேட்டார். கோயில் பெயர் மட்டும் எனக்குத் தெரியும், இரணியூர். அது போதும் என்று சொல்லிக் காபி கொடுத்தார்.

கொடிமரம் (மதுரை)
நவம்பர் 11, பகல் 12.30

ஹோட்டல் என்றாலே ஏன் எல்லோரும் முகம் சுளிக்கிறீர்கள்? கானாடுகாத்தானில் அப்படி மாற்றிய வீடுகள் நன்றாகத்தான் நிற்கின்றன. ஆத்தங்குடியில் ஒரு பெரிய வீட்டைப் பார்க்க டிக்கெட் கொடுத்து ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். கூரைக்குப் பணம் அங்கிருந்து வருகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அது உறுதியானால் இன்னும் கூட்டம் வரும்.

பழையகணக்கு (சென்னை)
நவம்பர் 11, பகல் 12.55

உத்தேசப் பட்டியலில் பெயர் காத்திருக்கும். மழையில் ஓடு காத்திருக்காது.

சுண்ணாம்புக்கை (புதுக்கோட்டை)
நவம்பர் 11, பகல் 1.40

ஹோட்டலாக்கிய வீடு ஒன்றில் வேலை பார்த்திருக்கிறேன். முதல் சிக்கல் கழிவறை. வளவைச் சுற்றியுள்ள அறைகள் புதிதாகக் கல்யாணமாகி வேறு (தனிச் சமையல்) வைத்த ஒவ்வொரு மகனுக்கும் என்று கட்டியவை. பெட்டகத்தை வைக்கவும் படுக்கவும் சரியாக இருக்கும், அவ்வளவுதான். ஒவ்வோர் அறைக்கும் குளியலறை வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும். உடைத்த இடத்தில் சிமெண்ட் பூசுவார்கள். அங்கேதான் தவறு நடக்கும்.

பழைய சுவரில் இருப்பது சுண்ணாம்பு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சாந்து. மேல் பூச்சுக்குச் சங்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல் ஆக்குவார்கள். கையை வைத்தால் சித்திரை வெயிலிலும் குளிரும். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, இரண்டு மழைக்காலத்தில் பூச்சோடு செங்கல்லும் உதிரும். பிறகு 'பழைய வீடு தாங்கவில்லை' என்பார்கள்.

பெயின்டும் அப்படித்தான். முட்டைப் பூச்சுச் சுவருக்குமேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்த ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு அப்பா அன்று சாப்பிடவில்லை.

கவுனியரிசி (காரைக்குடி)
நவம்பர் 11, மாலை 4.10

இடையில் ஒரு வார்த்தை. ஹோட்டல் நடத்தினால் தயவுசெய்து மிளகாய் அரைத்து ஊற்றிச் சிவப்பாக்கிய கோழிக்குச் செட்டிநாடு என்று பெயர் வைக்காதீர்கள். என் அப்பத்தா வீட்டில் விருந்து என்றால் வெள்ளைப் பணியாரம், கவுனியரிசி, கந்தரப்பம். காரம் என்பது மிளகும் சோம்பும் கல்பாசியும் சேர்ந்து வருவது, கண்ணீர் வருவதல்ல. பலகாரத்தில் மனகோலமும் சீப்புச் சீடையும் இல்லாத தட்டு தட்டே இல்லை.

நெறியாளர்
நவம்பர் 11, மாலை 4.25

சமையலுக்குத் தனி இழை இருக்கிறது. இருந்தாலும் பதிவை நீக்க மனம் வரவில்லை.

மூன்றாம்கட்டு (கோயம்புத்தூர்)
நவம்பர் 12, காலை 6.15

இரவெல்லாம் யோசித்தேன். நம் ஒன்பது குலக்கோயிலில் எதுவாக இருந்தாலும் திருப்பணி என்றால் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போடுகிறார்கள். துபாயில் இருப்பவரும் கட்டுகிறார். கட்டாவிட்டால் நாளைக்குப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போது கோயில் மாலை வாங்கப் போய் நிற்க வேண்டும் என்று தெரியும். வீட்டுக்கு மட்டும் நன்கொடை போலக் கடிதம் எழுதிக் கேட்கிறோம். பழையகணக்கு அண்ணனுக்கு ஆறு பேர் மட்டும் அனுப்பியது அதனால்தான். தாராளமாக இருங்கள் என்று கேட்டால் யாரும் தாராளமாக இருக்க மாட்டார்கள். வரி என்று போடுங்கள். ஆண்டுக்கு ஒரு தொகை, மார்கழிக்குள் கட்ட வேண்டும், கட்டியவர் பெயரும் கட்டாதவர் பெயரும் முகப்புச் சுவரில் எழுதி ஒட்டப்படும்.

ஒரே நிபந்தனை: வரிப் பட்டியலில் அந்தப் பதினொரு பெண்களின் பெயரும் இருக்க வேண்டும். வரி கட்டுகிறவளுக்குப் படைப்பில் ஓரமாக இடம் போடக் கூடாது.

பழையகணக்கு (சென்னை)
நவம்பர் 12, காலை 9.00

முகப்பில் பெயர் ஒட்டுவதா? ஊரே சிரிக்கும்.

மூன்றாம்கட்டு (கோயம்புத்தூர்)
நவம்பர் 12, காலை 9.04

அதற்காகத்தான்.

ஓலைச்சுவடி (கோட்டையூர்)
நவம்பர் 13, இரவு 8.50

தூணுக்கும் தட்டுமுட்டுச் சாமானுக்கும் அப்பால் காகிதம் ஒன்று இருக்கிறது. பெட்டகத்துக்குள்ளும் மாடி அலமாரியிலும் பேரேடு, ஐந்தொகை, கடிதக் கட்டு, கல்யாணத்து இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஓலை), பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கும். அவற்றைக் கரையான் தின்னும், இல்லையென்றால் பழைய பேப்பர்க்காரர் எடைக்கு வாங்குவார்.

எங்கள் ஊரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதையெல்லாம் வாங்கிச் சேர்த்தார், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பழம்பதிப்புகள் உட்பட. 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இன்றும் இருக்கிறது. பர்மாவில் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தார்கள், எந்த வட்டியில், எந்த நிலம் ஈடு என்பதெல்லாம் உங்கள் பாட்டையாவின் பேரேட்டில் இருக்கும். அதில் நமக்குப் பெருமையாக இருப்பதும் இருக்கும், பர்மிய விவசாயி எப்படி நிலம் இழந்தான் என்பதும் இருக்கும். இரண்டையும் சேர்த்தே காப்பாற்றுங்கள்.

வளவுப்புள்ளி (திருச்சி)
டிசம்பர் கடைசி வாரம், இரவு 10.30

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்குப் போய்வந்தேன். வழக்கமாகத் திருச்சியிலேயே மண்டபத்தில் எல்லோரோடும் சேர்ந்து இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல்திரி) எடுத்துக்கொள்வோம். இந்த முறை வீட்டில்தான் என்று பங்காளிகளுக்குச் சொல்லிவிட்டேன். பதினேழில் ஒன்பது புள்ளி வந்தது. அக்கா தங்கைகளில் நான்கு பேர் வந்தார்கள். சென்னைப் பங்காளியும் வந்தார், விலை பேசத்தான் வந்தேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டு.

முதல் நாள் காலை சுண்ணாம்புக்கை தம்பி சொன்னபடி தூம்பைத் தேடினோம். எங்களில் யாருக்கும் இடம் தெரியவில்லை. பார்த்துக்கொள்ளும் அம்மாள் வந்து, அண்டா வைக்கும் கல்லை நகர்த்தச் சொன்னார். உள்ளே இலை, மண், எங்களில் யாருடையதோ தெரியாத ஒரு ரப்பர்ப் பந்து. கம்பியை விட்டுக் குத்தினோம். முற்றத்தில் தேங்கியிருந்த தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. பிள்ளைகள் அதையே கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரவு வளவில் கோலம் போட்டு, ஆவாரம்பூவும் பொரியும் வைத்தோம். இருபத்தோர் இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, எங்களில் மூத்தவரான பெரியப்பச்சி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும்போது சிங்கப்பூர்ப் பையன் பயந்துபோய் ஊதி அணைத்துவிட்டான். மறுபடி ஏற்றிக் கொடுத்தார்கள்.

வரி பற்றிப் பேச்சு நடந்தது. ஆண்டுக்குப் புள்ளிக்குப் பத்தாயிரம். பெண்களையும் சேர்ப்பதில் இரண்டு பேர் முறுக்கிக்கொண்டார்கள். என் அக்கா எழுந்து முதல் தொகையைப் பெட்டியில் போட்டுவிட்டு ரசீது கேட்டாள், ரசீதுப் புத்தகம் எங்களிடம் இல்லை. இரண்டாம் கட்டுக் கூரைக்கு முதலில் தார்ப்பாய், தையில் ஓடு. ஹோட்டல் பேச்சைப் பங்குனிக்கு ஒத்திவைத்திருக்கிறோம். தூண் விலைக்கு இல்லை என்று சென்னைப் பங்காளியே தரகரிடம் சொல்லிவிட்டார். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

பேரேடுகளைக் கீழே இறக்கி வேப்பிலை போட்டு வைத்திருக்கிறோம். எலி தின்றது போக நாற்பத்து மூன்று.

ஊருணிக்கரை (தேவகோட்டை)
டிசம்பர் கடைசி வாரம், இரவு 10.52

அந்த அம்மாளுக்குச் சம்பளம்?

வளவுப்புள்ளி (திருச்சி)
டிசம்பர் கடைசி வாரம், இரவு 11.05

பதினான்கு மாதம் பாக்கி இருந்தது. ஒன்பது மாதத்துக்குக் கொடுத்திருக்கிறோம். மீதி வரிப் பணத்திலிருந்து. இனி மாதா மாதம் என் கணக்கிலிருந்து போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கிளம்பும்போது சாவியை என்னிடம் நீட்டினார். தன்னால் இனி ஓடியாட முடியாது, மருமகள் பார்த்துக்கொள்வாள், ஆனால் அவளிடம் நீங்களே உங்கள் கையால் கொடுங்கள் என்றார். கொடுத்தேன்.

ஊருணிக்கரை (தேவகோட்டை)
டிசம்பர் கடைசி வாரம், இரவு 11.09

என் அம்மாவுக்குப் போல ஆயிரத்து ஐந்நூறு என்றால் மருமகளுக்குப் போதாது. பங்குனிக் கூட்டத்தில் அதையும் சேர்த்துப் பேசுங்கள்.